டெஃப்டோன்ஸின் புது ஆல்பத்தை ஒழுங்காகக் கேட்பது எப்படி?

டெஃப்டோன்ஸ் என்ற அமெரிக்க மெட்டல் (கனமான ராக்) குழுவின் பத்தாவது ஆல்பம் 'பிரைவேட் மியூசிக்' 2025 ஆகஸ்ட் 22 அன்று வெளிவந்தது. பதினொரு பாட்டு, மொத்தம் 42 நிமிடம் சொச்சம். வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் இரண்டே விதமாகத்தான் பேசுகிறார்கள். ஒரு கூட்டம் இதிலேயே மூழ்கிப்போய் வேறு எதையும் தொடுவதில்லை. இன்னொரு கூட்டம் ரெண்டு பாட்டு கேட்டுவிட்டு, "ஒரே இரைச்சல், பாடுறவர் என்ன சொல்றார்னே புரியல, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று மூடிவைத்துவிட்டது. நான் எழுதுவது முக்கியமாக அந்த ரெண்டாவது கூட்டத்துக்கு. முதல் கூட்டமும் படிக்கலாம், எதில் கேட்பது, வீட்டில் எப்படிக் கேட்பது என்று வரும் இடங்களில் உங்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், இந்த ஆல்பத்துக்குள் குரலைப் பிடித்துக்கொண்டு நுழைய முடியாது. அடியிலிருந்து மேலே ஏறி வர வேண்டும்.

ஏன் என்றால், நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. நம் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 ஆகட்டும், அப்பா காரில் ஓடும் பழைய பாட்டாகட்டும், எல்லாவற்றிலும் குரல் முன்னால் நிற்கும், வரி தெளிவாக விழும், வாத்தியங்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டெஃப்டோன்ஸில் சீனோ மொரேனோவின் குரல் கிட்டார்களுக்கு நடுவே, சில இடங்களில் அவற்றுக்குப் பின்னாலேயே இருக்கும். ஒலிக்கலவையில் யாரோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். மொரேனோவுக்கு தி க்யூர், டெபெஷ் மோட், காக்டோ ட்வின்ஸ் மாதிரியான எண்பதுகளின் பிரிட்டிஷ் குழுக்கள் என்றால் பைத்தியம். கிட்டார் வாசிக்கும் ஸ்டீஃபன் கார்பெண்டருக்கோ மெட்டல்தான் உயிர், அதுவும் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. இந்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க இழுக்க நடுவில் பிறப்பதுதான் இவர்களுடைய சத்தம். 2016இல் வந்த 'கோர்' ஆல்பத்தின் போக்கு ஆரம்பத்தில் தனக்குப் பிடிக்கவில்லை என்று கார்பெண்டர் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார், அந்த ஆல்பத்தைக் கேட்டால் கயிறு ஒரு பக்கமாகப் போயிருப்பது தெரியும். 'பிரைவேட் மியூசிக்'கில் இழுபறி மறுபடி சமமாகியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆட்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது

நிறைய வேண்டாம், யார் எந்தச் சத்தம் என்று தெரிந்தால் போதும். 1988இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் பள்ளிக்கூட வயசுப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய குழு. மொரேனோ குரல், பல பாட்டுகளில் கிட்டாரும் அவர் உண்டு. கார்பெண்டர் கிட்டார். ஏப் கன்னிங்ஹம் டிரம்ஸ். ஃபிராங்க் டெல்காடோ கீபோர்டு, சாம்ப்ளர், டர்ன்டேபிள் என்று 'இது என்ன சத்தம்?' என்று நீங்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பேஸ் கிட்டாரில் இப்போது இருப்பவர் ஃப்ரெட் சாப்லன், இந்தக் குழுவில் அவருக்கு இது முதல் ஆல்பம்.

பேஸ் இருக்கைக்கு ஒரு சோகக் கதை உண்டு. முதல் ஆல்பத்திலிருந்து வாசித்த சீ செங் 2008 நவம்பரில் கார் விபத்தில் சிக்கி, முழு நினைவு திரும்பாமலே இருந்து 2013 ஏப்ரலில் காலமானார். அப்போது வேலை நடந்துகொண்டிருந்த ஒரு ஆல்பத்தை அப்படியே வைத்துவிட்டு, செர்ஜியோ வேகாவைச் சேர்த்துக்கொண்டு, நிக் ரஸ்குலினெக்ஸ் என்ற தயாரிப்பாளருடன் புதிதாக உட்கார்ந்து 2010இல் 'டயமண்ட் ஐஸ்' கொண்டுவந்தார்கள். 2012இல் 'கோய் நோ யோகன்' ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர் ரஸ்குலினெக்ஸ்தான். அதற்கப்புறம் இப்போதுதான், 'பிரைவேட் மியூசிக்'குக்குத் திரும்பி வந்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ரெண்டு ஆல்பமும் உங்களுக்குப் பிடித்தவை என்றால் இதில் நுழைவதற்கு உங்களுக்கு வழிகாட்டியே வேண்டாம். ஒவ்வொரு வாத்தியமும் பிரிந்து, பெரிதாக, மேலே பளபளப்பாக நிற்கும் அந்தப் பதிவு முறை அப்படியே இருக்கிறது.

மெட்டல் என்றாலே புதுசு என்பவர்கள் பயப்பட வேண்டாம், நம் ஊருக்கு இது அந்நியச் சரக்கு இல்லை. 1992இலேயே இங்கே ருத்ரா என்ற குழு தொடங்கி, சமஸ்கிருத சுலோகங்களை வைத்து எக்ஸ்ட்ரீம் மெட்டல் வாசித்து, 'வேதிக் மெட்டல்' என்று ஒரு பாணியையே உலகத்துக்குக் காட்டியது. அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு டெஃப்டோன்ஸ் மென்மையாகவே தோன்றும். எஸ்பிளனேடு கலை அரங்கில் நடக்கும் பேபீட்ஸ் இசை விழாவில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள், உள்ளூர்க் குழுக்களில் எத்தனை பேரிடம் இந்தச் சாயல் இருக்கிறது என்று தெரியும்.

எதில் கேட்பது

கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆறு தந்தி கிட்டாரின் அடித் தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். கார்பெண்டர் 'டயமண்ட் ஐஸ்' காலத்திலேயே எட்டுத் தந்திக்குப் போய்விட்டார், 2020இல் வந்த 'ஓம்ஸ்' ஆல்பத்தில் ஒன்பது தந்தி. எட்டுத் தந்தி கிட்டாரின் வழக்கமான அடிச் சுருதி சுமார் 46 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய பேஸ் கிட்டார் இருக்கும் இடம். கைப்பேசி ஸ்பீக்கர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அடி போய்விட்டால் மிஞ்சுவது மேலே இருக்கும் கரகரப்பு மட்டும்தான், அதைத்தான் "இரைச்சல்" என்கிறார்கள். தைப்பூசத்தன்று உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நெஞ்சுக்கூட்டில் ஒரு அதிர்வு வருமே, அதே காட்சியைக் கைப்பேசி வீடியோவில் பார்த்தால் வெறும் டக்டக்கென்று கேட்குமே, கிட்டத்தட்ட அந்த வித்தியாசம்.

விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காதுக்குள் சரியாகப் பொருந்தும் சாதாரண இயர்போன் போதும், ஆனால் 'சரியாகப் பொருந்தும்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டியோடு மூன்று அளவில் ரப்பர் முனை தருவார்கள், பாதிப் பேர் நடு அளவை மாட்டிக்கொண்டு மற்றதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது அடிச் சத்தம்தான். மாட்டிக்கொண்டு விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடுகிறது என்றால் அளவு சரியில்லை, அடுத்த முனையை மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் நடந்து வியர்த்த காதில் ரப்பர் வழுக்கும், நுரை முனை கொஞ்சம் தாங்கும்.

அப்புறம் செயலியில் நாலைந்து இடங்களைத் தட்ட வேண்டும். பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் வசதியை (ஷஃபிள்) நிறுத்துங்கள். ஒரு பாட்டு முடியும்போது அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேட் இருந்தால் அதையும். இந்த ஆல்பத்தில் பாட்டும் பாட்டும் சேரும் இடங்களை யோசித்து வைத்திருக்கிறார்கள், செயலி தன் பங்குக்குக் கலந்தால் கெட்டுப்போகும். தரத்தை இருப்பதிலேயே மேலான நிலையில் வையுங்கள், வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா கவலை இல்லை. ஆப்பிள் மியூசிக்கில் இழப்பில்லாத் தரம் கூடுதல் கட்டணம் இல்லாமலே உண்டு, ஆனால் புளூடூத் இயர்போனில் அது முழுசாக வந்து சேராது, அதனால் அதற்காக ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். கடைசியாக, அடிச் சத்தத்தைக் கூட்டிக்காட்டும் பேஸ் பூஸ்ட். தயவுசெய்து அணைத்துவிடுங்கள். கிட்டாரும் பேஸும் ஏற்கெனவே ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன, அங்கே இன்னும் ஏற்றினால் எல்லாம் ஒரே சேறு.

ரயிலில் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் வேறெங்கும் கேட்பதில்லை. பாசிர் ரிஸ்ஸில் ஏறி ஜூரோங் ஈஸ்ட் போகிறவருக்கு இந்த ஆல்பம் முழுசாக முடிந்து கொஞ்சம் நேரம் மிஞ்சும், அளவெடுத்துச் செய்தது மாதிரி. சிக்கல் எங்கே வரும் என்றால், காலாங் வரைக்கும் வண்டி மேலே ஓடுகிறது, லவெண்டருக்கு இறங்கியதும் சுரங்கம், தியோங் பாரு தாண்டி ரெட்ஹில்லில்தான் மறுபடி வெளிச்சம். சுரங்கத்தின் உறுமல் நம் பேஸ் இருக்கும் அதே இடத்தில் இருப்பதால் அதை விழுங்கிவிடும். பாட்டு மெலிந்துவிட்டதே என்று எல்லோரும் அங்கே சத்தத்தைக் கூட்டுவார்கள், மேலே வந்தபிறகு குறைக்க மறந்துவிடுவார்கள். கணக்குப் பார்த்தால் ஆல்பத்தின் அமைதியான பாட்டு வேறு அந்தச் சுரங்கத்தை ஒட்டித்தான் வந்து மாட்டுகிறது. சத்தம் குறைக்கும் ஏஎன்சி இருந்தால் இங்கே போடுங்கள், அந்த வசதி நன்றாக வேலை செய்வதே இந்த மாதிரித் தொடர்ச்சியான தாழ்ந்த இரைச்சலில்தான். இல்லாதவர்கள் சத்தத்தைக் கூட்டாமல் அந்த ஏழு நிலையத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம். மெட்டல் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதல் தடவை

முதல் தடவை வரிசைப்படி, நடுவில் நிறுத்தாமல், வேறு வேலை பார்த்துக்கொண்டே கேளுங்கள். ஆமாம், வேலை பார்த்துக்கொண்டேதான். துணி மடிக்கலாம், பாத்திரம் கழுவலாம். உட்கார்ந்து உற்றுக் கேட்டால் காது பழைய பழக்கத்தில் குரலைத் துரத்தப் போகும், வரி பிடிபடாமல் எரிச்சல் வரும். கவனம் பாதி வேறெங்கோ இருக்கும்போது தாளமும் அடிச் சத்தமும் தானாக உள்ளே இறங்கும். வரிகளைத் தேடிப் படிக்கவும் வேண்டாம். மொரேனோ கதை சொல்லும் ஆளில்லை, துண்டு துண்டாகப் படங்களைத்தான் அடுக்குவார், காகிதத்தில் படித்தால் ஒன்றும் நடக்காது.

என் சித்தி மகன் ஒருவன் தேசிய சேவையில் இருக்கிறான், அவன் வயசுக்காரர்கள் நிறையப் பேர் மாதிரி குட்டி வீடியோக்கள் வழியாக டெஃப்டோன்ஸுக்கு வந்தவன். வார இறுதியில் வீட்டுக்கு வந்தபோது, "அண்ணே, அந்தப் பதினஞ்சு செகண்டு மட்டும் சூப்பரா இருக்கு, மத்த இடத்துல ஏன் இழுக்குறாங்க?" என்றான். அந்தப் பதினைந்து வினாடி அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் அடக்கி வாசித்திருப்பதுதான் காரணம் என்றேன். "சரிண்ணே, கேட்டுப் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முகாமுக்குத் திரும்பிப் போனான். இப்போது அவனே நண்பர்களுக்கு முழு ஆல்பத்தை அனுப்புகிறான். அடக்குவதும் திறப்பதும்தான் இந்தக் குழுவின் கைத்தொழில், நல்ல இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது நல்ல இடமாகவே இருக்காது.

அடுத்தடுத்த தடவைகள்

இனிமேல்தான் உட்கார வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு ஆளை மட்டும் பின்தொடருங்கள்.

டிரம்ஸில் தொடங்குங்கள், என் கணக்கில் இந்தக் குழுவின் மறைந்த பொக்கிஷம் கன்னிங்ஹம்தான். மெட்டல் டிரம்மர் என்றால் ரெண்டு காலாலும் இயந்திரத் துப்பாக்கி மாதிரி மிதிப்பவர் என்று நினைப்போம், இவர் அப்படி இல்லை. தி போலீஸ் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்டைப் பார்த்து வளர்ந்தவர். ஸ்நேரை (அடியில் கம்பி பூட்டிய சின்ன டிரம்) இறுக்கிக் கட்டி வைத்திருப்பார், 'டப்' என்று விழாமல் 'டாக்' என்று வெட்டும், எவ்வளவு கிட்டார் குவிந்திருந்தாலும் அந்த ஒரு அடி மேலே வந்து காதில் தட்டும். முதல் பாட்டு 'மை மைண்ட் இஸ் எ மவுண்டன்' மூன்று நிமிடம்கூட இல்லை, அதை டிரம்ஸுக்காக மட்டும் கேளுங்கள். கிட்டார் ஒரே சுவராக நிற்க, அதை நகர்த்திக்கொண்டு போவது யார் என்று பாருங்கள். பெரிய அடிகளுக்கு நடுவில் ஸ்நேரில் குச்சியால் மெல்லச் சுரண்டுவது போன்ற சின்ன அடிகள் விழும். அவற்றைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது, தலை தானாக ஆட ஆரம்பிக்கும்.

அடுத்தது கிட்டாரும் பேஸும், ரெண்டையும் சேர்த்தே கேளுங்கள், பிரிக்க முயன்றால் தலைவலிதான். 'மில்க் ஆஃப் தி மடோனா'வும் 'கட் ஹேண்ட்ஸ்'ஸும் இதற்கு நல்ல இடம். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) சுற்றிச் சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் என்ன மாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். கார்பெண்டர் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் ரகமில்லை, வேகத்தைக் காட்டும் ரகமும் இல்லை. ஒரே ரிஃப்பை அழுத்தி, நிறுத்தி, மறுபடி அழுத்துவார். 'கட் ஹேண்ட்ஸ்'ஸில் மொரேனோ தொண்ணூறுகளின் ராப் சாயலில் பேசிப் பாடுவதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, வயசான பிறகும் கூச்சப்படாமல் பழைய தெருவில் ஒரு நடை போய்வருகிறார்கள்.

மூன்றாவது டெல்காடோ. இவரைத்தான் எல்லோரும் தவறவிடுவார்கள். நடுவில் வரும் 'சூவனீர்' ஆல்பத்தின் நீளமான பாட்டு, ஆறு நிமிடம். கடைசிப் பகுதியில் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒதுங்கிப்போய் சின்த் (மின்னணுக் கீபோர்டு) மட்டும் நீண்ட நேரம் மிதந்துகொண்டே இருக்கும். முதல் தடவை கேட்கிறவர்கள் 'பாட்டு முடிந்துவிட்டது' என்று அடுத்ததைத் தட்டிவிடுவார்கள். தட்டாதீர்கள். அந்த மூச்சு வாங்கும் இடம் இல்லாவிட்டால் அடுத்து வரும் 'சிஎக்ஸ்இசட்' பாதிக்குப் பாதிதான் அடிக்கும். இந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், மற்றப் பாட்டுகளிலும் கிட்டார் சுவருக்குப் பின்னால் இவர் என்னவோ செய்துகொண்டே இருப்பது தெரியவரும்.

கடைசியில்தான் குரல். 'இன்ஃபினிட் சோர்ஸ்'ஸில் ஆரம்பியுங்கள், ஆல்பத்திலேயே வெளிச்சமான மெட்டு அதுதான், சமையலறையில் வாய் தானாக முணுமுணுக்கும். அப்புறம் 'ஐ திங்க் அபௌட் யூ ஆல் தி டைம்', நான் முன்னே சொன்ன அமைதியான பாட்டு. கிட்டாரும் குரலுமாக மெல்லத் தொடங்கி, கனம் பின்னால்தான் வந்து சேரும். இதை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் தப்பில்லை. கடைசிப் பாட்டு 'டிபார்ட்டிங் தி பாடி'யின் தொடக்கத்தில் மொரேனோ வழக்கத்துக்கு மாறாக ரொம்பத் தாழ்ந்த குரலில் பாடுவார், வேறு யாரோ என்று நினைத்துவிடுவீர்கள். டிரம்ஸ், கிட்டார், சின்த் என்று ஏறி வந்தவர்களுக்கு இப்போது குரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

மீதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'லாக்ட் கிளப்', 'எக்டைசிஸ்' ரெண்டும் நன்றாக இருக்கின்றன, 'மெட்டல் ட்ரீம்' எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

வீட்டில் சத்தமாகக் கேட்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஸ்பீக்கரில் கேட்க முடியுமா? முடியும், ஆனால் கான்கிரீட் தரை அடிச் சத்தத்தை அப்படியே கீழ் வீட்டுக்குக் கடத்தும். நமக்கு அறையில் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும், கீழே இருப்பவருக்கு யாரோ கூரையை இடிப்பது போலக் கேட்கும். அடிச் சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் இருந்தால் இந்த ஆல்பத்துக்கு மட்டுமாவது அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை அலமாரி மேல் நேராக வைக்காமல் அடியில் தடித்த ரப்பரோ நுரையோ போடுங்கள், அறை மூலையிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள். மூலையில் பேஸ் தேவைக்கு மேல் ஊதிப்போய், கிட்டாரின் வடிவமே கெட்டுவிடும். இரவு பத்தரைக்குமேல் ஹெட்போனுக்கு மாறிவிடுங்கள், புகார் வந்து அதிகாரி கதவைத் தட்டும் நிலைமை வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தொலைக்காட்சி நாடகம் ஓடும் நேரத்தையும் தவிர்ப்பது நல்லது. "என்னடா இது, யாரையோ அடிக்கிறாங்களா?" என்று அம்மா கேட்டால், இன்ஃபினிட் சோர்ஸை மட்டும் போட்டுக் காட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.

புது ஹெட்போன் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிச் சாதனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரர் போடும் ஜாஸ் பாட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள், எதிலும் அது நன்றாகத்தான் கேட்கும். இந்த ஆல்பத்தை இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பாட்டின் தொடக்கத்தில் கிட்டாரும் பேஸும் கூழாகாமல் தனித்தனியாகத் தெரிகின்றனவா, 'டிபார்ட்டிங் தி பாடி' தொடக்கத்தில் அந்தத் தாழ்ந்த குரலுக்கு ஒரு கனம் இருக்கிறதா, ஸ்நேர் காதைக் குத்துகிறதா, இவ்வளவையும் பார்த்தால் போதும். குத்தினால் எத்தனை வெள்ளி தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இசைத்தட்டு வாங்குவது

பச்சைப் பின்னணியில் வெள்ளைப் பாம்பு இருக்கும் அட்டை, தேடுவது சுலபம். முதலில் எஸ்பிளனேடில் இருக்கும் அனலாக் வால்ட் மாதிரி உள்ளூர்க் கடைகளில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தட்டின் விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட இணையக் கொள்முதலுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு, பெரிய தளங்கள் பணம் செலுத்தும்போதே பிடித்துக்கொள்கின்றன. அதோடு அனுப்பும் செலவையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் பக்கத்துக் கடையே மலிவாக முடியும், அட்டை மூலை நசுங்கி வரும் தொல்லையும் இல்லை. வந்த பிறகு செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், படுக்கப்போட்டு அடுக்க வேண்டாம். நம் ஈரப்பதத்தில் காகித உறையில் பூஞ்சை பிடிக்கும், உள் உறையை நல்ல பிளாஸ்டிக் உறையாக மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பக்கத்தில் போட்டு, குளியலறைச் சுவரை ஒட்டாத அலமாரியில் வைத்தால் போதும்.

அப்புறம் எதைக் கேட்பது

'பிரைவேட் மியூசிக்' இவர்களுடைய ஆகச் சிறந்த ஆல்பம் என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே நுழைய ஆகச் சுலபமான கதவு என்று சொல்வேன், ஏனென்றால் கனமும் மெட்டும் இதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நீளமும் குறைவு. இங்கிருந்து பின்னோக்கிப் போவதே நல்லது. முதலில் அதே தயாரிப்பாளரின் 'டயமண்ட் ஐஸ்', பிறகு 'கோய் நோ யோகன்'. இந்த ரெண்டையும் தாண்டியவர்கள் 'ஓம்ஸ்' எடுக்கலாம், ஆரம்ப கால ஆல்பங்களைச் செய்த டெரி டேட் திரும்பிவந்து தயாரித்தது, ஓரம் கொஞ்சம் சொரசொரப்பு. 1997இன் 'அரவுண்ட் தி ஃபர்' கோபக்காரப் பிள்ளை, மனசு சரியில்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1995இன் முதல் ஆல்பம் 'அட்ரினலின்' அவசரமே இல்லை.

2000இல் வந்த 'ஒயிட் போனி' மட்டும் தனி. 2001இல் கிராமி விருது வாங்கிக்கொடுத்தது இதில் இருக்கும் 'எலீட்' என்ற பாட்டுதான், ஆல்பத்திலேயே முரட்டுத்தனமான பாட்டு அது, மற்றவை வேறு திசை. இதைத் தேடும்போது ஒன்று கவனியுங்கள்: வெளிவந்த சில மாதத்திலேயே, வானொலிக்கு ஏற்ற பாட்டு வேண்டும் என்று நிறுவனம் நெருக்கியதால் 'பேக் டு ஸ்கூல்' என்ற பாட்டைச் செய்து முன்னால் ஒட்டி மறுபடி வெளியிட்டார்கள், குழுவுக்கே அதில் இஷ்டமில்லை. செயலிகளில் ரெண்டு பதிப்பும் கண்ணில் படலாம். முதல் பாட்டாக 'ஃபெய்ட்டிசெய்ரா' இருக்கும் பதிப்பை எடுங்கள்.